வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு
(சிங்கப்பெருமாள் கோவில் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இவ்வூர் ஸ்டேஷனில் இறங்குகிற வெளியூர்க்காரர்கள் நேரே நரசிம்மர் குகைக்குப் போகிறார்கள். போகட்டும். நான் இன்று பேச வந்தது, இதே செங்கற்பட்டு ஜில்லாவில் இருளர்களைப் பார்க்கப் பிரயாணம் போகும் கனவான்களைப் பற்றியாகும்.

வடநெம்மேலியில் 1978-ம் வருஷம் ஏற்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு ஜாதிப் பாம்பின் விஷத்தையும் சாடியில் இறக்குகிறார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து செய்யப்படுகிறது. விஷம் எடுத்த பாம்பை மறுபடியும் காட்டில் விட்டு விடுகிறார்கள். பாம்பு கடித்தால் மந்திரிக்கிறோமே, கல்லை வைத்துக் கட்டுகிறோமே, எந்த மந்திரம் உயிரைக் காத்தது? காப்பது ஊசி மருந்து. அந்த மருந்துக்கு மூலப்பொருள் கொடுப்பவன் இருளன். ஆனால் புற்றுக்குப் பால் ஊற்றும் நாம் அவனைத் திண்ணையில் உட்கார வைத்ததுண்டா?

அவர்களுடைய அறிவு பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. மண்ணில் பாம்பு ஊர்ந்த தடத்தைப் பார்த்தே எந்த வளையில் இருக்கிறதென்று சொல்லி விடுகிறார்கள். 2017-ல் அமெரிக்காவின் புளோரிடா சர்க்கார், தங்கள் காட்டில் பெருகிவிட்ட பர்மா மலைப்பாம்பைப் பிடிக்க வழி தெரியாமல், வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற நம் ஜில்லா இருளர் இருவரை அழைத்தார்கள். சில வாரங்களில் பத்துக்கு மேல் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. வெள்ளைக்காரன் கூப்பிட்ட பிறகுதான் நமக்குக் கண் தெரிந்தது!

பாம்புத் தோல் வியாபாரத்தை நிறுத்தியது நியாயமே. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிழைப்பு போனவர்களில் எத்தனையோ பேர் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கொத்தடிமையானார்களே, அதை எந்த யாத்திரீகன் பார்த்தான்?

ஒரு மாசி மகத்தன்று மாமல்லபுரத்துக் கடற்கரைக்குப் போயிருந்தேன். பல ஜில்லா இருளர்கள் மணலில் சேலையைக் கூடாரமாகக் கட்டி இரவு தங்கி, விடியற்காலையில் மணலிலேயே படிகள் அமைத்துக் கன்னியம்மனை வணங்குகிறார்கள். சாமி வந்து ஆடுகிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. அவர்களிடமே சொன்னேன், சிரித்தார்கள். ஆனால் அதே மணலில் கல்யாணமும் நடக்கிறது. ஐயர் இல்லை, ஓமப்புகை இல்லை. புரோகிதரில்லாத கல்யாணம் செல்லுமென்று சட்டம் செய்ய நமக்கு 1967 வரை ஆயிற்று. அவர்கள் சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை!

அங்கே பட்டணத்திலிருந்து காரில் வந்த ஒருவர், தலை வாரிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டினார். கேட்கவுமில்லை, பெயர் விசாரிக்கவுமில்லை. நம் வீட்டுப் பெண்ணிடம் இப்படிச் செய்தால் சும்மா இருப்போமா? பக்கத்தில் இருந்த வாலிபன் கோபிக்கவில்லை.

“சார், படம் எடுத்துட்டீங்க. என் தம்பி ஸ்கூல்ல ஜாதி சர்ட்டிபிகேட் கேக்கறாங்க, ரெண்டு வருஷமா அலையறோம். நாங்க இருளருங்கதான்னு ஆபீஸ்ல வந்து சொல்றீங்களா?” என்றான்.

கனவான் காமிராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார். நான் அந்த வாலிபனிடம் மனுவை வாங்கிப் படித்துப் பார்த்தேன். மறு திங்கட்கிழமை அவனோடு தாலுகா ஆபீசுக்குப் போனேன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என்னோடு வரக்கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வந்து பெயர் கொடுங்கள்.