மாத்திரையும் ஒருபொழுதும்

(ஆலுவாவில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு அரசாங்க உத்யோகத்தில் 34 வருஷம் ஃபைல் பார்த்தவன். வயது 74. ஆறு வருஷம் முன்பு எனக்கு டைப் 2 நீரிழிவு என்று தெரிந்தது. "சர்க்கரையும் சாப்பாடும்" என்று பேசச் சொன்னார்கள். வெந்தயம், பாகற்காய் பற்றியெல்லாம் இங்கே இருக்கும் மாமிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் நம் அகங்களில் அடிக்கடி வரும் ஒரு சங்கடத்தை எடுத்துக்கொள்கிறேன். மாத்திரை ஆரம்பிக்கிற அதே வயதில்தான் நாம் ச்ராத்தம், ஏகாதசி, சிவராத்திரி என்று பட்டினி இருக்கவும் ஆரம்பிக்கிறோம்.

இது நாலு பேர் சமாசாரம் இல்லை. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தேச சராசரி 11.4 சதவீதம், கேரளத்துக்கு மட்டும் 25.5. அதாவது நாலில் ஒருவர். இந்த ஹாலில் இருப்பவர்களின் வயதைப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்!

மாத்திரை என்று பொதுவாகச் சொல்கிறோம். உள்ளே போய் அவை செய்யும் காரியம் வேறு வேறு. முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் மெட்ஃபார்மின். கல்லீரல் தானாகவே சர்க்கரை உற்பத்தி செய்து ரத்தத்தில் விடுகிறது அல்லவா, அதை இது குறைக்கிறது. ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் இருந்த கலேகா என்ற செடியின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் நீரிழிவுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டார். எனக்கு முதல் இரண்டு வாரம் வயிறு சரியில்லை. சாப்பாட்டுக்குப் பின், குறைந்த அளவில் ஆரம்பித்து ஏற்றினபோது பழகிவிட்டது. இதை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம்.

கிளிமெபிரைட், கிளிக்லசைட் வகை அப்படி இல்லை. இவை கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. நீங்கள் சாப்பிட்டீர்களா, ச்ராத்தத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா என்று அது விசாரிக்காது. மாத்திரை உள்ளே போனால் இன்சுலின் வரும்.

என் உறவினர் ஒருவருடைய தகப்பனார் ச்ராத்தம். முதல் நாள் இரவு பலகாரம் மட்டும். காலையில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டார், சாப்பாடு கிடையாது. பதினொன்றரை மணிக்கு ஹோமம் நடக்கும்போது கை நடுங்கியது, சட்டையில்லாத உடம்பெல்லாம் வியர்வை. ஹோமப் புகை என்றார்கள், துக்கம் என்றார்கள். சர்க்கரை பார்த்தபோது 52. அவர் வாயில் எதையும் போட மாட்டேன் என்கிறார், கர்த்தா சாப்பிடக்கூடாதாம். வாத்தியார்தான் அதட்டினார்: "கர்த்தா இருந்தாத்தான் ஓய் ச்ராத்தம், குளுக்கோஸைக் கொண்டு வாங்கோ!" கால் மணியில் தெளிந்து, மிச்சக் கர்மாவையும் அவரே முடித்தார்.

அதற்குப் பிறகு நான் என் டாக்டரிடம் ச்ராத்தத் தேதியை முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். நாம் எப்போது சாப்பிடுவோம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று காலை கிளிமெபிரைட் வேண்டாம், ஒன்றரை மணிக்கு இலையில் உட்காரும்போது போடலாம் என்று சீட்டிலேயே எழுதித் தந்தார். இது எனக்குச் சொன்னது. உங்களுக்கு வேறாக இருக்கலாம், உங்கள் டாக்டரைக் கேளுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற வகை. கூடவே நீரும் போகும். தண்ணீர்கூடக் குடிக்காத விரதத்துக்கு முன் இதைப் பற்றியும் அவசியம் கேட்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நம் ஆலுவா சிவராத்திரியையே பாருங்கள். வெளியூர்களிலிருந்து வந்து, மணப்புறத்தில் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, விடியற்காலையில் பெரியாற்றங்கரையில் பலி போடுகிறவர்கள் எத்தனை பேர்! அந்தக் கூட்டத்தில் ஒருவர் சோர்ந்து உட்கார்ந்தால் தூக்கக் கலக்கம் என்றுதான் நினைப்பார்கள். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கொடுத்து 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அகார்போஸ், வோக்ளிபோஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இனி சக்கை விஷயம். ஆலுவாவுக்கு வந்துவிட்டு அதைச் சொல்லாமல் போனால் விடமாட்டார்கள். மைக்ரோசாஃப்டில் இருந்த ஜேம்ஸ் ஜோசப் இங்கே தொடங்கிய பலாக்காய் மாவு முயற்சி இன்று எல்லா ஊருக்கும் தெரிந்ததுதான். ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் இதைச் சோதித்து, 2021-ல் பிரசுரித்தார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிற 40 பேர். பாதிப் பேருக்கு தினம் 30 கிராம் பலாக்காய் மாவு, அரிசிக்கோ கோதுமைக்கோ பதிலாக. மற்றவர்களுக்கு வேறு மாவு. 12 வாரத்தில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. சுமார் 0.25 இறங்கியது. மற்றக் கூட்டத்தில் இறங்கவில்லை. நல்ல சமாசாரம்தான், ஆனால் ஆள் குறைவு, இறக்கமும் கொஞ்சம், மாத்திரையை யாரும் நிறுத்தவுமில்லை. எங்கள் ஆத்தில் சீசனில் இடிச்சக்கைத் துவரனும் சக்கைப் புழுக்கும் தாராளமாக உண்டு, அன்று சாதம் குறையும். பழுத்த சக்கை வேறு விஷயம். காயின் பெருமையைச் சொல்லிக்கொண்டு சக்கப் பிரதமன் இரண்டு டம்ளர் குடிக்க முடியாது!

சாப்பாட்டில் எனக்கு ஒத்துவந்ததை ஒரு வரியில் சொல்கிறேன். முன்பு மூன்று கரண்டி சாதத்துக்கு ஒரு கரண்டி மொளகூட்டல், இப்போது தலைகீழ். மட்டை அரிசி ஆனாலும் அளவு அளவுதான்.

கடைசியாக, நம் போன்ற சைவச் சாப்பாட்டுக்காரர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது. மெட்ஃபார்மின் பல வருஷம் சாப்பிட்டால் உடம்பில் வைட்டமின் பி12 குறையலாம். 2022-ல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை அடிக்கடி காணும் பக்கவிளைவு என்றே அறிவித்தது. காய்கறியில் பி12 கிடையாது. நமக்குக் கிடைப்பதெல்லாம் பால், தயிர், மோரிலிருந்துதான். போதாததற்கு வாயுத் தொல்லைக்கு என்று பான்டோப்ரசோலும் நித்யம் விழுங்குகிறோம், அதுவும் பி12 சேருவதைக் குறைக்கும். உள்ளங்கால் மரத்துப்போனால் "சர்க்கரையால்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பி12 குறைவும் அதே மாதிரி மரத்துப்போகச் செய்யும், அதற்கு வைத்தியம் உண்டு, தாமதித்தால் நரம்பு முழுதும் தேறாமலும் போகலாம். எனக்கு நாலாவது வருஷம் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. ரத்தப் பரிசோதனையில் பி12 148. லேபின் கீழெல்லை 200. ஊசியும் பிறகு மாத்திரையும் எடுத்துக்கொண்டதில் ஆறு மாதத்தில் பெரும்பாலும் சரியாயிற்று. வருஷாந்திரப் பரிசோதனைச் சீட்டில் பி12 இருக்கிறதா என்று இன்று போனதும் பாருங்கள்.

பின்வரிசையில் ஒரு மாமி வெகு நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். அவர் கேட்கட்டும், நான் உட்காருகிறேன்.