மகுடமும் மரண இசையும்



குற்றாலத்துப் பேரருவியின் அடியில் நின்றவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். தலைமேல் நீர் விழத் தொடங்கிய கணத்திலேயே மற்ற ஓசைகளெல்லாம் மறைந்துவிடும். பக்கத்தில் நிற்பவரின் உதடு அசைவது தெரியும், சொல் கேளாது. தாழ்ந்த ஒலி, உயர்ந்த ஒலி எல்லாம் ஒன்றாய்க் கலந்து ஒரே பேரிரைச்சலாகக் காதில் மோதும். ஆயினும் அதைக் கேட்டு அஞ்சி ஓடியவர் எவரும் இலர். சாரல் காலம் வந்தால் பொருள் செலவழித்துக்கொண்டு அதைத் தேடியல்லவா வருகிறோம்?

அருவியை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கோடை விடுமுறைக்குத் தென்காசிக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், பதினோராம் வகுப்பு முடித்தவன், எந்நேரமும் காதில் கருவியைச் செருகிக்கொண்டு தலையை ஆட்டியபடி இருந்தான். “எனக்கும் கொஞ்சம் கொடு, கேட்கிறேன்” என்றேன். தயங்கித்தான் கொடுத்தான். கேட்டதும் திடுக்கிட்டேன். இடி இடித்தாற்போல் முரசு. அதனூடே அடைத்த தொண்டையோடு கரடி உறுமுவது போன்ற ஒரு குரல். “இதற்குப் பெயர் இசையா?” என்று கேட்டுவிட்டேன். பையன் சினம் கொள்ளவில்லை. “தாத்தா, முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க” என்றான்.

முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். நூலைப் படித்து முடிக்காமல் கருத்துச் சொல்லாதே என்று எத்தனையோ பிள்ளைகளை அதட்டியிருக்கிறேன். இப்போது என்ன செய்வது? உட்கார்ந்து கேட்டேன்.

அந்த இசைக்கு டெத் மெட்டல் என்று பெயர். நாம் மரண இசை என்று வைத்துக்கொள்ளலாம். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் உருவானது. பொசெஸ்டு என்னும் குழு 1985-இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் அப்பெயரிலேயே ஒரு பாட்டு இருக்கிறது. பிறகு ஃபுளோரிடா மாநிலம் அதற்குத் தாய்வீடு போல் ஆயிற்று. என் பேரன் கேட்டுக்கொண்டிருந்த குழுவும் அம்மாநிலத்தைச் சேர்ந்ததே. பெயர் ஒபிச்சுவரி. நம் செய்தித்தாள்களில் ‘காலமானார்’ என்று தலைப்பிட்டு வருமே, அந்த அறிவிப்புக்குரிய ஆங்கிலச் சொல்தான் அது. ஜான் டார்டி, டொனால்ட் டார்டி என்னும் உடன்பிறந்தார் இருவரும் அவர்களுடைய நண்பர் டிரெவர் பெரெஸும் 1984-இல், பள்ளிப் பருவத்திலேயே, வேறு பெயரில் தொடங்கிய குழு. முதல் இசைத்தட்டு 1989-இல் வந்தது. இடையில் சில ஆண்டுகள் பிரிந்திருந்தார்கள், மீண்டும் கூடினார்கள். 2023 ஜனவரியில் ‘டையிங் ஆஃப் எவ்ரிதிங்’ என்னும் பதினோராவது இசைத்தட்டை வெளியிட்டார்கள். ‘எல்லாவற்றாலும் சாதல்’ என்று அதைத் தமிழாக்கலாம். பத்துப் பாட்டுகள். முந்தையதற்கும் இதற்கும் இடையே ஆறு ஆண்டுகள். அந்த மூவரும் நாற்பது ஆண்டுகளாக ஒன்றாய் வாசிப்பது என் ஆசிரிய மனத்துக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் பேசும்போது அதிர்பவை குரல்வளையில் உள்ள குரல் நாண்கள். அவற்றுக்குச் சற்று மேலே இன்னும் இரண்டு மடிப்புகள் உண்டு. அவற்றைப் போலிக் குரல் நாண்கள் என்பர். சாதாரணப் பேச்சில் அவற்றுக்கு வேலையில்லை. இந்த உறுமலில் அவையும் சேர்ந்து அதிர்கின்றன. திபெத்தியத் துறவிகள் மிகத் தாழ்ந்த குரலில் மந்திரம் ஓதும்போதும் அவற்றைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, இது கண்டபடி கத்துவதன்று. பழகிப் பெறும் வித்தை. பழகாமல் கத்திப் பார்க்கிறேன் என்று எவரேனும் கிளம்பினால் தொண்டை புண்ணாகும். பரீட்சைக் காலத்தில் வேண்டாம்.

இன்னொன்றும் கேளுங்கள். முதல் இசைத்தட்டில் பல இடங்களில் ஜான் டார்டி சொற்களையே பாடவில்லை. வெறும் ஒலியைத்தான் பாடினார். குரலை ஒரு வாத்தியமாக ஆக்கிக்கொண்டார். நம் பாகவதர் ராகத்தை ஆலாபனை செய்யும்போது எந்தச் சொல்லுக்குப் பொருள் தேடுகிறோம்? வில்லுப்பாட்டில் ‘தந்தனத்தோம்’ என்பதற்கு அகராதியைப் புரட்டுகிறோமா?

புதிய இசைத்தட்டின் சிறப்பு அதன் கனம். இவ்வகைக் குழுக்கள் பல, வேகத்தையே பெருமையாகக் கொள்பவை. இவர்களும் சில பாட்டுகளில் விரைகிறார்கள். ஆனால் மனத்தில் நிற்பவை நிதானமாக நடக்கும் இடங்களே. கித்தார்க் கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கி, ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தி வாசிக்கிறார்கள். நிலையைவிட்டுத் தேர் முதலில் அசையும்போது வடம் பிடிப்பவர் தோளில் ஒரு கனம் இறங்குமே, அது நினைவுக்கு வந்தது. அட்டையிலுள்ள ஓவியத்தைத் தீட்டியவர் போலந்து நாட்டு ஓவியர் மரியுஷ் லெவாண்டோவ்ஸ்கி. இசைத்தட்டு வெளிவருமுன்பே, 2022-இல், அவர் காலமாகிவிட்டார்.

குறைகளும் உண்டு. பத்துப் பாட்டையும் ஒரே மூச்சில் கேட்டால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு எனக்கு எளிதில் புலப்படவில்லை. பாடற்பொருளில் ஆழம் குறைவு. இவ்வகையில் வேறு சில குழுக்கள் கொடுமையை, அதிலும் பெண்களுக்கு இழைக்கும் கொடுமையை, விரித்துப் பாடுகின்றன. அவற்றை நான் ஏற்கவில்லை. பேரனிடம் சொன்னேன், அவனும் மறுக்கவில்லை. மரணத்தைப் பாடுகிறவர் மரணத்தை விரும்புகிறவர் என்று நினைத்தேன். அதைத்தான் அவன் மறுத்தான். அக்குழுவின் முரசறையும் டொனால்ட் டார்டி, தம் மனைவியோடு சேர்ந்து தெருப் பூனைகளுக்கு உணவளித்து மருத்துவம் பார்த்து வந்தவர் என்று படித்துக் காட்டினான். இந்த இசைத்தட்டிலேயே வாழும் உறுதியைப் பற்றி ஒரு பாட்டும் இருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவில் எழுந்தது.

1991-ஆம் ஆண்டு. இளம் ஆசிரியனான என்னிடம் பள்ளி ஆண்டு விழாப் பொறுப்பு இருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் துணியில் சுற்றிய வட்டத் தோற்கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். அது மகுடம். நெல்லை, தென்காசி வட்டாரத்துக் கொடை விழாக்களில் கணியான் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அண்ணாவி கதை பாடுவார். உச்ச மகுடம் ஒன்று, மந்த மகுடம் ஒன்று, இரண்டும் இணைந்து ஒலிக்கும். பெண் வேடமிட்ட ஆடவர் ஆடுவர். சுடலைமாடன் கதை அதில் தலையானது. மாடன் சுடுகாட்டுத் தெய்வம். நள்ளிரவில் சாமியாடுபவர் மயான வேட்டைக்குப் போவார். கணியான் தன் கையைக் கீறிக் குருதி கொடுக்கும் கைவெட்டுச் சடங்கும் உண்டு. அச்சமூட்டும் இரவுதான். ஆனால் ஊரே, குழந்தைகள் உட்பட, விழித்திருந்து அந்த அச்சத்தை ஒன்றாகக் கடக்கும்.

இவற்றையெல்லாம் அன்று நான் எண்ணவில்லை. “பள்ளிக்கூடத்தில் சுடுகாட்டுப் பாட்டா? வேண்டாம்” என்றேன். ஓர் அடிகூட அவனை வாசிக்கவிடவில்லை. அவன் மறுமொழி சொல்லாமல் மகுடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போனான்.

அவ்விடுமுறையிலேயே அண்டை ஊரில் கொடை. பேரனை அழைத்துச் சென்றேன். கூத்துத் தொடங்குமுன் தோல் இறுகுவதற்காக மகுடங்களைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், தலை நரைக்கத் தொடங்கியவர், என்னைக் கண்டதும் எழுந்து, “சார், வாங்க” என்றார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. அன்று செய்தது தவறு என்று பேரன் முன்னிலையிலேயே சொன்னேன்.

அவர் சற்று நேரம் தீயைப் பார்த்திருந்தார்.

“அப்ப நான் உச்சம் அடிச்சேன், சார். இப்ப மந்தம்” என்றார். பிறகு காய்ந்த மகுடத்தை என் பேரனிடம் நீட்டினார். “தொட்டுப் பாருங்க தம்பி, சூடு ஆறுறதுக்குள்ள.”