அந்த 37 நாட்கள்



முதல் உலகப் போர் ஏன் மூண்டது என்று கேட்டால், பள்ளியில் படித்த விடை சட்டென்று நாக்கில் வரும்: ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள், போர் வந்தது. விடை தப்பில்லை. ஆனால் சுட்டது 1914 ஜூன் 28. பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. இடையில் 37 நாட்கள். ஒரு கொலை உலகப் போராக வளர அத்தனை நாள் பிடித்தது. அந்த நாட்களில் நிறுத்தும் வாய்ப்பு யார் யார் கையில் இருந்தது, எப்படி நழுவியது என்பதை இன்று பேசலாம்.

பகை பழையது. 1871-இல் பிரான்சிடமிருந்து அல்சேஸ்-லொரேன் பகுதியை ஜெர்மனி பறித்துக்கொண்டது. அந்தக் காயம் ஆறவே இல்லை. ஜெர்மனி, ஆஸ்திரியா-ஹங்கேரி, இத்தாலி மூன்றும் 1882-இல் கூட்டுச் சேர்ந்தன. எதிர்ப்பக்கம் பிரான்சும் ரஷ்யாவும் கைகோத்தன. 1907-க்குள் பிரிட்டனும் அவர்களை நெருங்கிவிட்டது. கடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்டி போட்டுப் போர்க்கப்பல் கட்டின. 1908-இல் ஆஸ்திரியா போஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொள்ள, பக்கத்து நாடான செர்பியா கொதித்தது. செர்பியாவின் முதுகுக்குப் பின்னால் ரஷ்யா நின்றது.

அந்தப் போஸ்னியாவின் தலைநகரம்தான் சரயேவோ. ஜூன் 28 காலையில் இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டின் கார் மீது வீசிய குண்டு குறி தவறி, பின்னால் வந்தவர்களைக் காயப்படுத்தியது. நகர மண்டபத்து வரவேற்பு முடிந்ததும், மருத்துவமனைக்குப் போய்க் காயம்பட்டவரைப் பார்க்க விரும்பினார் இளவரசர். பாதை மாறிய செய்தி ஓட்டுநருக்கு எட்டவில்லை. பழைய வழியிலேயே அவர் வண்டியைத் திருப்ப, வழி தப்பு என்று சொல்லி நிறுத்தச் செய்தார்கள். கார் நின்ற இடத்தருகே 19 வயது காவ்ரிலோ பிரின்சிப் கைத்துப்பாக்கியோடு நின்றிருந்தான். இரண்டு தோட்டாக்கள். இளவரசரும் மனைவி ஸோஃபியும் இறந்தார்கள்.

ஆஸ்திரியா உடனே பாயவில்லை. முதலில் பெர்லினுக்கு ஆளனுப்பியது. என்ன செய்தாலும் உங்கள் பக்கம் நிற்போம் என்று ஜூலை 5-இல் ஜெர்மன் பேரரசர் கெய்சர் வில்லியம் வாக்குக் கொடுத்தார். மறுநாள் நார்வே பக்கம் கப்பற்பயணம் கிளம்பினார். கொலைக்குச் செர்பியாவைப் பொறுப்பாக்கி, ஜூலை 23 மாலை அதற்கு 48 மணி நேரக் கெடு விதித்தது ஆஸ்திரியா. கெடுவை நீட்டிக்கும்படி ரஷ்யா கேட்டது, ஆஸ்திரியா மறுத்தது. செர்பியா ஏறக்குறைய எல்லா நிபந்தனைகளுக்கும் இறங்கி வந்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் பங்கேற்பதை மட்டும் ஒப்பவில்லை. அந்தப் பதில் கெய்சர் கைக்கு வந்தது 28-ஆம் தேதி காலையில். படித்தவர், இனிப் போருக்கு ஒரு காரணமும் இல்லை என்ற கருத்தை அதன் ஓரத்தில் தம் கைப்பட எழுதினார். அன்றைக்கே ஆஸ்திரியா ஒரு தந்தி அடித்து செர்பியா மீது போர் அறிவித்துவிட்டது.

நம் வீட்டு முறை வைத்துப் பார்த்தால் இவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள். பிரிட்டிஷ் மன்னர் ஐந்தாம் ஜார்ஜுக்கு கெய்சர் அத்தை மகன். ரஷ்யாவின் ஜார் நிக்கோலஸ் சித்தி மகன். ஜாரின் மனைவி கெய்சருக்குச் சித்தி மகள். ஆக, கெய்சரும் ஜாரும் மைத்துனர்கள். வில்லி, நிக்கி என்று செல்லப் பெயரில் கையெழுத்திட்டுத் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். ஜூலை 29 இரவு, மைத்துனரின் தந்தியைப் படித்த ஜார், தாம் ஆணையிட்டிருந்த பொதுப் படைதிரட்டலை நிறுத்தச் சொன்னார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் வாதாடி அவர் மனத்தை மாற்றினார். அந்த ஓர் இரவு மட்டும் உலகத்துக்கு அவகாசம் கிடைத்திருந்தது.

ஆகஸ்ட் 1 மாலை. பிரிட்டன் ஒதுங்கி நிற்கக்கூடும் என்று லண்டனிலிருந்து ஜெர்மன் தூதரின் செய்தி வந்தது. அப்படியானால் படை முழுவதையும் கிழக்கே ரஷ்யா பக்கம் திருப்புங்கள் என்றார் கெய்சர். முடியாது என்றார் தலைமைத் தளபதி மோல்ட்கே. எந்தப் படைப்பிரிவு எந்த ரயிலில் எப்போது ஏற வேண்டும் என்பது பல ஆண்டு உழைப்பில் வகுத்த திட்டம். கலைத்தால் படை வெறும் கும்பலாகிவிடும் என்பது அவர் வாதம். லண்டன் செய்தியே தவறான புரிதல் என்று அன்றிரவு தெரிந்தது. ஆனால் ஒன்று விளங்கிவிட்டது: நிறுத்தச் சொல்லும் அதிகாரம் பேரரசர் கையை விட்டு ரயில் அட்டவணைக்குப் போயிருந்தது. ஆகஸ்ட் 4-இல் பிரான்சைத் தாக்கும் வழியில் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. பெல்ஜியத்தின் நடுநிலைமைக்கு உறுதி தந்திருந்த பிரிட்டன் அன்றே போர் அறிவித்தது.

சில வாரங்களில் பிரான்சை முடித்துவிடலாம் என்ற கணக்கு செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் பொய்த்தது. சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை இரு தரப்பும் பதுங்குகுழி வெட்டி உட்கார்ந்தன. நாள் கணக்கில் ஈரத்தில் நின்று வீரர்களின் பாதங்கள் அழுகின. 1915 ஏப்ரலில் ஈப்ர் நகருக்கு அருகே காற்றில் குளோரின் நச்சுவாயு வந்தது. 1916 ஜூலை 1, சோம் போர்முனை: அந்த ஒரே நாளில் இறந்த பிரிட்டிஷ் வீரர்கள் 19,240 பேர்.

நம் கரையும் தப்பவில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு வீச, துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கப்பல் அதே ஆண்டு நவம்பரில் ஒழிந்தது. 'அவன் எம்டன்' என்ற பேச்சு நம்மிடம் நிலைத்துவிட்டது. கடல் கடந்து போரிடப் போன இந்திய வீரர்களில் சுமார் 74,000 பேர் திரும்பவில்லை.

1917-இல் ரஷ்யாவில் புரட்சி வெடித்தது. அமெரிக்கா போரில் இறங்கியது. 1918 நவம்பர் 11, காலை 11 மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது சுமார் 90 லட்சம் வீரர்கள் மாண்டிருந்தார்கள். நிக்கி குடும்பத்தோடு கொல்லப்பட்டிருந்தார். வில்லி நெதர்லாந்துக்கு ஓடிவிட்டார். வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28; சரயேவோவில் சுட்ட அதே தேதி. தோற்றவரோடு உட்கார்ந்து பேசாமல் நீட்டிய அந்தக் காகிதத்தின் கசப்பு, அடுத்த போருக்கு எருவாயிற்று.

கெடு, படைக்குவிப்பு, பதிலடி. இந்தச் சொற்கள் இன்றும் செய்திகளில் காதில் விழுகின்றன. கேட்கும்போதெல்லாம் எனக்குச் செர்பியாவின் அந்தப் பதில் ஓரத்தில் கெய்சர் எழுதியதுதான் நினைவுக்கு வரும். போருக்குக் காரணமில்லை என்று ஒரு பேரரசர் எழுதிய நாளில் போர் தொடங்கியது. ஒரு வாரம் ஆறப்போட்டிருந்தால், அந்த எழுத்துக்கு மதிப்பு இருந்திருக்கலாம். இனி எங்காவது பகை முற்றும்போது, இன்னும் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள் என்று கேட்பவரைக் கோழை என்று யாராவது ஏசினால், தயவுசெய்து அந்த 37 நாட்களை எடுத்துச் சொல்லுங்கள்.