காணும் பொங்கலுக்குக் குடலை இட்லி

காணும் பொங்கலன்று உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இருபது பேர் கூடினால், தோசைக்கல் முன்னால் ஒருத்தர் மட்டும் காலை முழுக்க நின்றுகொண்டே இருப்பார். கூடத்துப் பேச்சும் சிரிப்பும் அவருக்குக் கிடைக்காது. எனக்கு அது மனசுக்கு ஆகாது.

அதற்கு வழி நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகும் குடலை இட்லி. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைப்பார்கள்.

வீட்டில் டம்ளரே போதும். பச்சரிசி, புழுங்கலரிசி, உளுந்து மூன்றும் சம அளவு; ரவை பதத்தில் கொரகொரவென்று அரையுங்கள். தை மாதக் குளிரில் மாவு லேசில் பொங்காது. அதனால் பொங்கலன்று ராத்திரியே அரைத்து, உப்பைக் கையால் கலந்து, சூடு ஆறாத அடுப்போரம் வையுங்கள். மாட்டுப் பொங்கலன்று, ஒன்றிரண்டாய் உடைத்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலையை நெய்யில் பொரித்துக் கொட்டி வேகவையுங்கள். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. நன்றாக ஆறவிட்டு மூடிவைத்தால் மறுநாள் காலைக்குத் தயார்.

விடிந்ததும் துண்டு போட்டு, இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் வையுங்கள். தோசைக்கல் முன்னால் நின்றவரும் பாயில் வந்து உட்காரட்டும்.