ரவுட்டரின் சாவி யார் கையில்?

(குஜிலியம்பாறையில் நடந்த நம் அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில், குடும்பத்தினருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெரியவர்களே, அம்மாக்களே, தங்கச்சிகளே! அஸர் முடிந்த கையோடு அடுப்பு வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

மேசையில் இருக்கிற இந்த லேப்டாப்பைப் பாருங்கள். மூடியில் அரசு முத்திரை இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அந்தத் திட்டத்தின் ஆரம்பக் காலத்தில் எனக்குக் கிடைத்தது. அப்போது எங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. எதையாவது பதிவிறக்க வேண்டுமானால் அத்தா என்னை எரியோட்டிலோ திண்டுக்கல்லிலோ உள்ள கடைக்குத் துணைக்கு வந்து கூட்டிப்போவார். இன்றைக்கு நம் தெருவிலேயே பல வீடுகளில் ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை விளக்குகள். அதுதான் ரவுட்டர். பெட்டி வந்துவிட்டது, சரி. அதை மாட்டியவர் யார், பாஸ்வேர்டு போட்டவர் யார், அது இப்போது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டால் பாதிப் பேர் "கேபிள்காரத் தம்பிக்குத்தான் தெரியும்" என்கிறீர்கள்.

வீடு கட்டிய கொத்தனாரிடமே வாசல் சாவியை விட்டுவைத்த கதை இது. அந்தத் தம்பி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து வீடு மாட்டுகிற அவசரத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு போட்டுவிட்டுப் போகிறார். பெரும்பாலும் அது வீட்டுக்காரரின் செல் நம்பர். நம் செல் நம்பர் ஊருக்கே தெரியும். கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சாகியிருக்கும்.

"யாரோ கொஞ்சம் நெட் எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும், தண்ணீர் கொடுத்தால் புண்ணியம்தானே" என்று ஒரு மாமி என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்ன சம்பவத்தை உங்களுக்கும் சொல்கிறேன். 2008 ஜூலை 26-ஆம் தேதி அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்தது. அதற்குச் சற்று முன்பு செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போயிருந்தது. எங்கிருந்து போனது என்று போலீஸ் தேடியபோது, நவி மும்பையில் சான்பாடா என்ற இடத்தில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீட்டு இணைப்பில் போய் நின்றது. அவர் அனுப்பவில்லை. அவருடைய வைஃபை பாதுகாப்பில்லாமல் திறந்து கிடந்தது. வெளியிலிருந்து யாரோ அதில் புகுந்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் விசாரணைக்கு உட்கார்ந்தவர் அவர்தான், கம்ப்யூட்டரைக் கொடுத்தவரும் அவர்தான். அடுத்தடுத்த மாதங்களில் மும்பையில் ஒரு கல்லூரியின் வைஃபை, ஓர் அலுவலகத்தின் வைஃபை என்று இதே வழியில் மின்னஞ்சல்கள் போயின. 2009 பிப்ரவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையே வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக வைக்கச் சொல்லி இணைப்பு தரும் நிறுவனங்களுக்கு உத்தரவு போட்டது.

ஏன் வீட்டுக்காரரிடம் வந்து நின்றது? நம் வீட்டிலிருந்து வெளியே போகிற எல்லாவற்றுக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் ஒட்டிக்கொண்டு போகிறது. அந்த நேரத்தில் அந்த எண் யாருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது என்று நிறுவனத்திடம் கேட்டால், ஆதார் கொடுத்து இணைப்பு வாங்கியவரின் பெயர் வரும். வீட்டில் பெரும்பாலும் அது அத்தாவின் பெயர். அவர் நிரபராதி என்பது பிறகு தெரியவரும். அந்தப் "பிறகு" எத்தனை நாள் என்பதுதான் கேள்வி. நம் ஆட்கள் மத்தியில் இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். செல்போனிலேயே செய்யலாமே, லேப்டாப் எதற்கு? வைஃபையில் இருந்துகொண்டே வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றுவது உட்கார்ந்த கிளையை வெட்டுவது மாதிரி. மாற்றிய நொடியே இணைப்பு அறுந்துவிடும், சரியாகப் பதிந்ததா இல்லையா என்று தெரியாமல் விழிப்போம். லேப்டாப்பில் லேன் கேபிள் செருகினால் அந்தக் குழப்பம் இல்லை. ரவுட்டர் பெட்டியிலேயே குட்டையாக ஒரு கேபிள் வரும். ஒரு முனை லேப்டாப்பில், மறுமுனை ரவுட்டரின் பின்னால் 'லேன்' என்று எழுதிய ஓட்டையில். 'வான்' என்று ஓர் ஓட்டை தனி நிறத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்; வெளியிலிருந்து இணைப்பு வருகிற வழி அது. புது மெலிந்த லேப்டாப்களில் கேபிள் ஓட்டையே கிடையாது. அவர்கள் வைஃபையில் செய்து, மாற்றிய பிறகு புதுப் பெயரில் மறுபடி சேர்ந்துகொள்ளலாம்.

இப்போது ரவுட்டரைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ ஒரு முகவரி இருக்கும். ஸ்டிக்கர் அழிந்திருந்தால், விண்டோஸில் கமாண்ட் பிராம்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். 'டிஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு நேரே அந்த எண் வரும். அதை பிரவுசரின் மேலே முகவரிப் பட்டையில் அடிக்க வேண்டும்.

இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன், ஏனென்றால் பணம் போகிற இடம் இதுதான். ஒன்று என்ற எண்ணுக்குப் பதிலாக ஆங்கில 'எல்' எழுத்தை அடித்துவிட்டால் ரவுட்டர் திறக்காது, தேடல் பக்கம் திறக்கும். அதில் "ரவுட்டர் உதவி, கஸ்டமர் கேர்" என்று நம்பர்கள் வரும். அதில் போலிகளும் உண்டு. கூப்பிட்டால் மிக மரியாதையாகப் பேசி, ஓர் ஆப் போடச் சொல்வார்கள். போட்டீர்களோ, நம் திரை அவர்களுக்குத் தெரியும். வங்கிக் கணக்கு வரை போய்விடுவார்கள். ரவுட்டர் செட்டிங்கிற்கு வெளியிலிருந்து யாருடைய உதவியும் வேண்டாம், இன்டர்நெட்டே வேண்டாம். அந்தப் பக்கம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உதவி வேண்டுமானால் பில்லில் அச்சாகியிருக்கும் நம்பர் மட்டும். பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

பக்கம் திறந்ததும் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இது வைஃபை பாஸ்வேர்டு இல்லை. இங்கேதான் எல்லோரும் குழம்புகிறோம். வைஃபை பாஸ்வேர்டு என்பது வாசல் சாவி, விருந்தாளிக்கும் கொடுப்போம். இப்போது கேட்பது பீரோ சாவி, 'அட்மின்' என்பார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: சில இணைப்புகளில் நிறுவனம் கொடுக்கிற யூசர் ஐ.டி.யும் பாஸ்வேர்டும். கரண்ட் சர்வீஸ் நம்பர் மாதிரி. அது இருந்தால்தான் ரவுட்டருக்கு நெட் வரும். மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நெட் மெதுவாக இருக்கிறது என்று என் தம்பி ரவுட்டரின் பின்னால் இருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்துவிட்டான். அது ரீசெட். எல்லா செட்டிங்கும் போய் நெட் நின்றது. யூசர் ஐ.டி. யாரிடமும் இல்லை. தங்கச்சியின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கு மறுநாள் கடைசி நாள். செல்போன் டேட்டாவில் ராத்திரி ஒரு மணி வரை போராடி அனுப்பினோம். தம்பியைத் திட்டிப் பயனில்லை. எழுதி வைக்காதது நான்.

அட்மின் பாஸ்வேர்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். நிறைய பெட்டிகளில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே கம்பெனியிலிருந்து வருகிறது. 2016-இல் மிராய் என்றொரு தீய புரோகிராம் உலகத்தையே ஆட்டியது. அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. இப்படிக் கம்பெனி போட்ட 60-க்கும் மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்த்தது. மாற்றாமல் விட்ட கேமராக்களும் ரவுட்டர்களும் லட்சக்கணக்கில் அதன் கைக்குப் போயின. அந்த அக்டோபரில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் என்று மறு வருடம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர்கள் மூன்று இளைஞர்கள்.

சில நிறுவனங்கள் அட்மின் சாவியை நமக்குத் தருவதே இல்லை. அப்படியென்றால் அவர்களுடைய ஆளை வரச்சொல்லி, உங்கள் கண் முன்னால் மாற்றச் சொல்லுங்கள். மாற்றும்போது பாஸ்வேர்டை நீங்களே அடியுங்கள். சங்கடப்பட வேண்டாம், மாதாமாதம் காசு கட்டுகிறோம்.

அடுத்து 'வயர்லெஸ்' என்ற பகுதி. பெயர் வையுங்கள், வீட்டு எண், பெண் பிள்ளைகளின் பெயர் மட்டும் வேண்டாம். அந்தப் பெயர் தெருவில் போகிறவர் போனிலெல்லாம் தெரியும். பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்தாவது வேண்டும் என்று அதுவே கேட்கும். நான் சொல்வது அதைவிட நீளமாக: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். புளி, மாடிப்படி, ரயில், குடை என்கிற மாதிரி. (இதையே போட்டுவிடாதீர்கள், இந்த அறையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.) 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ2-வும் 3-ம் சேர்ந்தது என்று தேர்ந்தெடுங்கள். 3 மட்டும் என்று போட்டால் என்னுடைய இந்தப் பழைய லேப்டாப் மாதிரி உள்ளவை சேர மறுக்கும். டபிள்யூஇபி என்று பழைய ஒன்று இருந்தால் பக்கமே போகாதீர்கள், 2001-லேயே உடைத்துவிட்டார்கள்.

'டபிள்யூபிஎஸ்' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க எண் ஒன்றை வைத்து சுலபமாகச் சேர்க்கிற வழி அது. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் முயல வேண்டுமே என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அந்த எண்ணை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமும் கணக்கில் தானாக வருவது. ஆகவே 11,000 முயற்சிக்குள் பூட்டு திறந்துவிடும் என்று 2011-இல் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். 'ரிமோட் மேனேஜ்மென்ட்' என்பதும் அணைந்தே இருக்கட்டும்.

நிறைய பேர் கேட்ட கேள்வி: "ஒரே ரவுட்டரில் இரண்டு பெயர் வருகிறது, ஒன்றில் 5ஜி என்று இருக்கிறது, என் மகள் லேப்டாப்பில் அது மட்டும் வரவில்லை, பழுதா?" பழுது இல்லை. அது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலை. பழைய லேப்டாப்கள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். 5 வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டத் திணறும்; 2.4 மெதுவானது, தூரம் போகும். நம் பக்கத்துப் பழைய கல்வீடுகளில் உள்ளறைக்கு 2.4-தான் கை கொடுக்கும். பெட்டியை பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைக்காமல், வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் மாட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள். பெரும்பாலும் வெளியே ஃபைபர் அறுந்திருக்கும். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று போதும்.

பிள்ளைகள் தவறான தளங்களுக்குப் போகாமல் தடுக்க முடியுமா என்று தாய்மார்கள் கேட்டிருந்தீர்கள். ஓரளவு முடியும். ரவுட்டரில் 'டிஎன்எஸ்' என்ற இடத்தில் 1.1.1.3 என்று போட்டால் ஆபாசத் தளங்களையும் தீய தளங்களையும் தடுக்கிற இலவசச் சேவை வழியாக எல்லாம் போகும். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020-இல் தொடங்கியது. ஆனால் பிள்ளை கையில் தனி சிம் இருந்தால் இது செல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற வேலையை ரவுட்டரிடம் ஒப்படைக்க முடியாது.

எல்லாம் முடிந்தபின் 'சேர்ந்திருக்கும் கருவிகள்' பட்டியலைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒன்பது இருந்தன; எட்டுக்குத்தான் எனக்குக் கணக்குத் தெரிந்தது. இரவெல்லாம் பதறிவிட்டுக் காலையில் பார்த்தால், ஒன்பதாவது கூடத்து டி.வி. உங்கள் பட்டியலில் விடை கிடைக்காத ஒன்று இருந்தால் பாஸ்வேர்டை மறுபடி மாற்றுங்கள். கல்யாணம், விசேஷம் என்று வீடு நிறையும்போது 'கெஸ்ட் நெட்வொர்க்' திறந்து வேறு பாஸ்வேர்டு கொடுங்கள், முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று: என் லேப்டாப் மாதிரி விண்டோஸ் 7-இல் ஓடுபவற்றுக்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ரவுட்டரை சரிசெய்ய அது போதும். அதில் வங்கி வேலை பார்க்காதீர்கள்.

லேப்டாப் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள். இரண்டு பழைய ரவுட்டர் வைத்திருக்கிறேன், தைரியமாக ரீசெட் செய்து பழகலாம். மஃரிபுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. பிளக் பாயின்ட் மூன்றுதான், சார்ஜ் குறைந்தவர்கள் முதலில் உட்காருங்கள்.