பேர் என்னங்க?

சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. ஒருநாள் காலை அங்கே போயிருந்தேன்.

பெஞ்சில் ஒரு ஆட்டோ ஓட்டுநர், காக்கிச் சட்டையோடு. மடியில் பழைய துண்டில் சுற்றிய நாட்டு நாய்க்குட்டி. குட்டிக்குப் பார்வோ வைரஸ். இது வந்தால் வாந்தி, ரத்தபேதி என்று இரண்டு மூன்று நாளில் உடம்பு வற்றிப்போகும். சலைன் ஏற்றி, குட்டி தேறும்வரை தாங்கிப் பிடிப்பதுதான் முக்கிய வைத்தியம். முன்னங்காலில் ஊசி. குட்டி காலை மடக்கினால் சொட்டு நின்றுவிடும். அதனால் அந்தக் காலை இரண்டு விரலால் நீட்டிப் பிடித்தபடியே மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சவாரி கிடையாது.

பக்கத்தில் யாரோ கேட்டார்: "தெருநாய்தானே, போனா இன்னொண்ணு எடுத்துக்கலாமே?" அவர் பதில் சொல்லவில்லை. கண் மட்டும் கலங்கியது.

எனக்கு மனசு வலித்தது. மனுஷர் என்றால் 'இங்கே வலிக்குது' என்று சொல்லிவிடுவார். வாயில்லா ஜீவனுக்கு வளர்ப்பவர்தான் வாய். எப்போது சாப்பிட்டது, எத்தனை தடவை வாந்தி, எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். சில நேரம் கருணைக்கொலைக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் 'வெறும் நாய்தானே' என்று சொல்ல எப்படி மனசு வருகிறது? "பேர் என்னங்க?" என்று கேட்கலாமே.

நான் கேட்டேன். "கருப்பன், சார்" என்றார். அந்தப் பேர் காதில் விழுந்ததும் துண்டுக்குள் வால் லேசாக அசைந்தது.