வளர்சிதைமாற்றமும் நம் வீட்டு அடுக்களையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் பேச வருவோர் கம்பரையோ வள்ளுவரையோ எடுத்துக்கொள்வது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் உயிர்வேதியியல். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை நிறுத்திவிட்டுச் சரக்குக் கணக்கு எழுதும் இரயில்வே எழுத்தருக்கு இதில் என்ன உரிமை என்று சிலர் எண்ணக்கூடும். உரிமை ஒன்று உண்டு. நம் குடியிருப்புப் பிள்ளைகள், அவர்களுள்ளும் பெரும்பாலோர் பெண் மக்கள், விடியற்காலையில் சித்தூரில் இரயிலேறிப் பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குச் சென்று இப்பாடத்தைப் படிக்கிறார்கள். சிலர் சித்தூரிலேயே படிக்கிறார்கள். இரவில் 'கிளைக்காலிசிஸ்', 'கிரெப்ஸ் சைக்கிள்' என்று நெட்டுருப் போடும் ஓசை நம் குவார்ட்டர்ஸ் சுவர்களைத் தாண்டி வந்து விழுகிறது. தேர்வு முடிந்த மறுநாள் அவ்வளவும் மறந்துபோகிறது. ஒரு தாளில் தவறிவிட்டாலோ, "எதற்கு இந்தப் படிப்பு? போதும், வீட்டோடு இரு" என்ற பேச்சு எழுகிறது. சென்ற ஆண்டு இரண்டு வீடுகளில் அப்பேச்சு எழுந்தது. ஒரு வீட்டில் படிப்பும் நின்றது. எந்த வீடு என்று நாம் சொல்லப்போவதில்லை. தவறிய தாளை மீண்டும் எழுத இன்னும் காலம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

பிள்ளைகளுக்கு அறிவுக் குறை ஒன்றுமில்லை. வீட்டில் தமிழ், தோழியரோடு தெலுங்கு, பாடத்தில் ஆங்கிலம் என்று மும்மொழிக்கு நடுவே நின்று படிக்கிறார்கள். 2021-22 கல்வியாண்டு முதல் ஆந்திரத்தின் பட்டப் படிப்புகள் ஆங்கில வழிக்கு மாற்றப்பட்டன. பள்ளியில் தெலுங்கு வழியில் பயின்று வரும் பிள்ளைக்கு இடர் இரட்டிப்பாகும். பொருள் விளங்குமுன் சொல் தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

அச்சொற்களுள் தலையாயது 'மெட்டபாலிசம்'. கிரேக்க மொழியில் அதன் வேருக்கு 'மாற்றம்' என்பதே பொருள். எது எதுவாக மாறுகிறது என்று அச்சொல் கூறுவதில்லை. தெலுங்கில் 'ஜீவக்ரிய' என்பர். உயிரின் செயல் என்னும் அளவில் அது நின்றுவிடும். தமிழில் நாம் 'வளர்சிதைமாற்றம்' என்கிறோம். ஒருபுறம் வளர்வது, மறுபுறம் சிதைவது, இரண்டும் ஒருங்கே நிகழ்வது! உண்ட உணவைச் சிதைத்து ஆற்றலைப் பெறுவது சிதைமாற்றம்; அவ்வாற்றலைச் செலவிட்டுத் தசையும் எலும்பும் குருதியும் கட்டுவது வளர்மாற்றம். பட்டப் படிப்பில் வரும் பாதிப் பாடம் இவ்வொரு சொல்லுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இச்சொல்லை ஆக்கியவர் எவராயினும் அவர்க்கு நம் சங்கம் ஒரு மாலை சூட்டலாம்.

'என்சைம்' என்பதும் அவ்வாறே. புளித்த மாவோடு தொடர்புடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. தமிழில் 'நொதி'. இரவில் அரைத்து வைத்த இட்டலி மாவு காலையில் பொங்கிப் பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டுகிறதே, அது நுண்ணுயிர்களின் நொதிகள் செய்த வேலை. 1897இல் ஜெர்மனியில் எடுவர்ட் பூக்னர் என்பார் ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்து, உயிருள்ள செல் ஒன்றுமில்லாத அச்சாற்றைக் கொண்டே சர்க்கரையை நொதிக்கச் செய்து காட்டினார். 1907இல் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் தாய்மார்கள் நாள்தோறும் கண்டுவரும் காட்சிதான், ஆயினும் செல் இன்றியும் அது நிகழும் என்று கண்டதில்தான் ஒரு புதிய துறையே கால் ஊன்றியது.

இனி உயிர்மூலக்கூறுகளுக்கு வருவோம். திருப்பதி லட்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். (எடுத்த பின் உண்ணாமல் பேச்சைக் கேட்பது கடினம்தான்.) கடலைமாவில் மாவுச்சத்தும் புரதமும், பாகில் சுக்ரோஸ் என்னும் சர்க்கரையும், நெய்யில் கொழுப்பும் உள்ளன. பெருங்குலங்கள் நான்கில் மூன்று வந்துவிட்டன. நான்காவதான நியூக்ளிக் அமிலம் முந்திரிப் பருப்பின் செல்களில் மிகச் சிறிய அளவில் ஒளிந்திருக்கிறது. மாவுச்சத்தோ புரதமோ ஒரு கிராம் எரிந்தால் ஏறத்தாழ 4 கிலோகலோரி. கொழுப்பு ஒரு கிராம் எரிந்தால் 9. நம் சுற்றுப்புறத்து மானாவாரி நிலங்களில் விளையும் வேர்க்கடலை, முளைக்கப் போகும் தன் குழந்தைக்கு எண்ணெயாகச் சேமித்து வைப்பதன் சூட்சுமம் இதுவே. சிறிய மூட்டையில் மிகுந்த சரக்கு!

செய்முறை வகுப்பில் பெனடிக்ட் கரைசல் என்று ஒன்றுண்டு. நீல நிறமுடையது. குளுக்கோஸோடு கொதிக்க வைத்தால் செங்கல் நிறமாகும். பாலில் உள்ள லாக்டோஸுக்கும் நிறம் மாறும். நாம் காப்பியில் போடும் சர்க்கரைக்கு மாறாது. இனிப்பில் முதலிடம் பெறும் பொருள் சோதனையில் தோற்பதைக் கண்டு பிள்ளைகள் திகைப்பார்கள். சில துளி அமிலம் விட்டுக் கொதிக்க வைத்துப் பின் சோதித்தால் நிறம் மாறிவிடும். சுக்ரோஸ் பிளந்து குளுக்கோஸும் பிரக்டோஸும் பிறந்துவிட்டன என்பது பொருள். சர்க்கரைப் பாகு பூத்துப் படிகமாகாதிருக்க எலுமிச்சைச் சாறு பிழிகிறார்களே நம் வீட்டுப் பெண்கள், அதுவும் இச்செயலேயாகும். இதை நாம் நூலில் படித்து அறிந்தோமில்லை. இக்குடியிருப்பைச் சேர்ந்த மாணவி ஒருவர் தம் தாயார் பாகு காய்ச்சுகையில் அருகில் நின்று விளக்கக் கேட்டறிந்தோம். அத்தாயார், "இதைத்தான் இவ்வளவு செலவு செய்து படிக்கிறாயா?" என்று கேட்டார்; கேட்ட குரலில் குறை இல்லை, பெருமிதமே இருந்தது.

சித்தூர் என்றாலே மாம்பழக் கூழ் ஆலைகள் நினைவுக்கு வரும். கிளிமூக்கு மாங்காய் பிஞ்சாக இருக்கையில் பல்லைக் கூச வைக்கும். அப்புளிப்பு பெரும்பாலும் சிட்ரிக் அமிலத்தாலும் மாலிக் அமிலத்தாலும் வருவது. பழுக்கும்போது நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன, அமிலமும் குறைகிறது. எங்கே போயிற்று அமிலம்? காயும் மூச்சு விடுகிறது அன்றோ! அம்மூச்சில் பெரும்பங்கு எரிந்து போயிற்று. பிள்ளைகள் நெட்டுருப் போடும் கிரெப்ஸ் சுழற்சியில் தொடக்கத்தில் நிற்பது இதே சிட்ரிக் அமிலம். முடிவை நெருங்குகையில் வருவது இதே மாலிக் அமிலம். 1937இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் புறாவின் மார்புத் தசையை ஆராய்ந்து ஹான்ஸ் கிரெப்ஸ் கண்ட சுழற்சி, இங்குள்ள மாந்தோப்புகளிலும் சுழல்கிறது. இப்பந்தலில் அமர்ந்திருக்கும் நம் உடலிலும் சுழல்கிறது.

இவ்வாறு எரிவதால் வரும் ஆற்றலை உடல் எந்த நாணயத்தில் வைத்துக்கொள்கிறது? ஏ.டி.பி. என்னும் மூலக்கூறில். நம் அலுவலகத்தில் 'இம்ப்ரெஸ்ட்' என்று ஒரு சிறு தொகை சில்லறைச் செலவுக்கு வைத்திருப்பார்கள். தொகை சிறிதே, செலவாகச் செலவாக நிரப்பப்படும். ஆண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் கையிருப்பைப் போலப் பன்மடங்கு அதன் வழியாகப் போய் வந்திருக்கும். உடலில் எந்நேரமும் இருக்கும் ஏ.டி.பி. சில நூறு கிராமைத் தாண்டாது. ஒரு நாளில் செலவாகி மீண்டும் பிறப்பதோ, ஏறத்தாழ உடலின் எடையளவு! இக்கணக்கைக் கேட்டபோது ஒரு கணக்கெழுத்தர் என்ற முறையில் நாம் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள். முதற்படிகளைத் துள்ளி ஏறும் இளைஞனுக்குத் தசையில் ஆயத்தமாய் உள்ள ஏ.டி.பி.யும் பாஸ்போகிரியேட்டின் என்னும் பொருளும் கைகொடுக்கின்றன. அவை பத்து நொடி அளவே தாங்கும். அதன்பின் கிளைக்கோஜன் விரைந்து சிதைந்து லாக்டிக் அமிலம் சேர்கிறது, மூச்சு வாங்குகிறது. சீராக அடியெடுத்து ஏறும் பெரியவர்க்கோ ஆக்சிஜன் போதிய அளவு கிடைத்துச் சர்க்கரையும் கொழுப்பும் முழுமையாக எரிகின்றன. அவர் இளைஞனை முந்திச் சென்று மேலே அமர்ந்திருப்பதில் வியப்பில்லை. மறுநாள் காணும் கால்வலிக்கும் லாக்டிக் அமிலத்தையே பழிப்பார் உளர். அது பொருந்தாது. அவ்வமிலம் ஓரிரு மணி நேரத்தில் நீங்கிவிடும்; வலி தசையிழைகளில் நேர்ந்த நுண்ணிய சிதைவால் வருவது.

மாணவர்க்கு ஒரு சொல். ஒரு குளுக்கோஸ் முழுமையாக எரிந்தால் எத்தனை ஏ.டி.பி.? பழைய குறிப்பேடுகளில் 38 என்றும் 36 என்றும் இருக்கும். இன்றைய நூல்கள் 30 அல்லது 32 என்கின்றன. அக்காள் கொடுத்த குறிப்பேட்டை நம்பி 38 என்று எழுதுமுன், எண் ஏன் குறைந்தது என்பதை ஆசிரியரிடம் கேட்டறியுங்கள்.

பாஸ்போகிரியேட்டின் என்றோமே, அதனைக் கண்டவர்களுள் ஒருவர் ஆந்திர மண்ணின் மகன். பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அவர்கள். மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முறை தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்று, சைரஸ் ஃபிஸ்கே என்பாருடன் சேர்ந்து 1925இல் பாஸ்பரசை அளக்கும் முறையையும், 1927இல் பாஸ்போகிரியேட்டினையும், 1929இல் ஏ.டி.பி.யையும் வெளியிட்டார். அதே 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பாரும் ஏ.டி.பி.யைக் கண்டார், நூல்கள் பலவற்றில் அவர் பெயரே முன்னிற்கிறது. ஹார்வர்டில் நிலையான பதவி கிட்டாமையால் 1940இல் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்துக்குச் சென்றார். யானைக்கால் நோய்க்கு ஊர் ஊராக வழங்கப்படும் மாத்திரையும், ஃபோலிக் அமிலத்தின் ஆக்கமும், மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தும் அங்கு அவர் நடத்திய ஆய்வுகளோடு தொடர்புடையவை. 1948இல் மறைந்தார். நம் பிள்ளைகள் செய்முறை ஏட்டில் 'ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை' என்று எழுதி, கரைசல் நீலமாவதைப் பார்த்து மதிப்பெண் பெறுகிறார்கள். அச்சுப்பாராவ் யாரென்று நாம் நால்வரைக் கேட்டோம், ஒருவர்க்கே தெரிந்திருந்தது.

அவரைப் போலவே புரதப் பாடத்தில் ஜி. என். ராமச்சந்திரன் வருவார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூன்று புரி திரித்த கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் 1954-55இல் காட்டியவர். 1963இல் அவரும் சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இல்லாத உயிர்வேதியியல் நூல் உலகில் அரிது.

இனி நம் வீட்டுப் பெரியவர்கள் காதில் விழ வேண்டிய செய்தி. நம் குடியிருப்பில் சர்க்கரை நோயாளர் பலர். 'மூன்று மாதச் சர்க்கரை' என்று ஒரு சோதனை எழுதிக் கொடுக்கிறார் மருத்துவர். சோதனைக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல எண்ணைக் காட்டிவிடலாம் என்று நினைப்பவர் இங்கேயே இருக்கிறார்கள். அது நடவாது ஐயா! குருதியில் சர்க்கரை மிகுந்தால் அது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில் நொதி எதுவுமின்றித் தானே ஒட்டிக்கொள்ளும். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். தீபாவளிக்கு உண்ட இனிப்பின் கணக்கு பொங்கலின்போதும் அங்கே பதிவாகியிருக்கும். அழிக்க முடியாத பேரேடு அது. இதைத் தன் பாட்டிக்குத் தமிழில் விளக்க வல்ல பெண் வீட்டில் இருப்பது எளிய பேறன்று.

வேலை கிடைக்குமா என்று தந்தையர் கேட்கிறீர்கள். மூடி மறைக்கமாட்டோம். இளநிலைப் பட்டம் ஒன்றே வேலையைக் கொணர்ந்து கொடுத்துவிடாது. மருத்துவ ஆய்வகத்தில் பணியாற்றத் தனித் தகுதி வேண்டும். மேற்படிப்பு படிப்பவர்க்கு மருந்து ஆலைகள், ஆய்வு நிலையங்கள், ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. திருப்பதியில் 1954இல் தோன்றிய வேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983இல் பெண்களுக்கென்றே தோன்றிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் இரயில் தொலைவிலேயே உள்ளன. பெண்ணை முதுநிலைக்கு அனுப்பும் எண்ணமில்லாதவர்கள் அதை முதலாண்டிலேயே சொல்லிவிடுவது நேர்மை. சொல்லாமல் இருந்து மூன்றாமாண்டில் கதவை அடைப்பது நன்றன்று.

செயலாளர் அவர்களோடு கலந்து ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வரும் ஞாயிறு முதல் மாலை 5 மணிக்குச் சங்க அறையில் பிள்ளைகள் ஒருவர் மாற்றி ஒருவர் தம் பாடத்தில் ஒரு பகுதியைத் தமிழில் விளக்குவார்கள். தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் நூலில் உயிரியல் மூலக்கூறுகள் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. தமிழ்வழி நூல் இரண்டு படிகள் வரவழைக்கிறோம். முதல் ஞாயிறு கிளைக்காலிசிஸ், பத்துப் படிகள். இரண்டாமாண்டு மாணவி ஒருவர் விளக்க இசைந்திருக்கிறார். படிப்பை நிறுத்திய பெண்ணும் வரவேண்டும்; அவருடைய நூல்கள் இன்னும் பரணில்தான் இருக்கும். முன்வரிசை பெற்றோர்க்கு. விளங்காத இடத்தில் நிறுத்திக் கேட்கலாம், நாமும் கேட்போம். தேநீர் உண்டு, சர்க்கரை இட்டது ஒரு கூசா, இடாதது ஒரு கூசா.